கழற்றச் சொன்ன கால்தட்டு

என் மகளின் கணவருக்கு நான் வாங்கிக் கொடுத்த புது மோட்டார் சைக்கிளில் ஒரு கால்தட்டு இருந்தது. அதைக் கழற்றச் சொன்னேன். அவருடைய தாயார் அதில் கால் வைத்து ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம். பார்வைக்கு நன்றாக இல்லை என்று கடையில் நான் சொன்னது பொய்.

கால்தட்டு என்றால் பெரிய சாமான் ஒன்றுமில்லை. பின்சில்லின் இடப்பக்கத்தில் சீலை சிக்காதிருக்க ஒரு கம்பிக் காப்புப் பூட்டியிருப்பார்கள். அதன் கீழே ஒரு சாண் நீளத்தில் ஒரு தகடு. ஒருபக்கமாக இருந்து போகிற பெண்கள் இரண்டு பாதங்களையும் அதில் வைத்துக்கொள்வார்கள். சுடிதார் போடுகிற பெண்கள் ஆண்களைப்போலவே இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது தேவையில்லை. சீலை உடுத்த, முழங்கால் மடங்காத ஒரு வயதான பெண்ணுக்கு அது இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் இல்லை.

அந்த அம்மாவின் ஊர் வெல்லாவெளி. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. கணவர் போன பிறகு தனியாக வயல்வட்டையில் இறங்கி வேளாண்மை செய்து மகனைப் படிப்பித்தவர். மகன் அரச உத்தியோகத்துக்கு வந்தார். என் மகளும் அதே கந்தோரில் இருந்தாள். அவர்களாகவே விரும்பினார்கள், நான் மறுக்கவில்லை. மறுக்கக் காரணமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணத்தோடு தன்னாமுனையில் இருந்த வீட்டை மகளின் பெயருக்கு எழுதிவிட்டு, வளவின் பின்பக்கம் கட்டிய இரண்டு அறைக்கு நான் மாறினேன். மருமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இது வழக்கம், இதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் இந்த வழக்கத்துக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. மகனைப் பெற்றவள் மகனைப் பார்க்க வேண்டுமென்றால் மருமகளின் வீட்டுக்கு வர வேண்டும். அங்கே அவள் விருந்தாளி. கூப்பிட்டால்தான் வருவாள், மனம் கோணினால் எழும்பிப் போய்விடுவாள்.

வெல்லாவெளியிலிருந்து அந்த அம்மா மட்டக்களப்பு வரை பஸ்ஸில் வருவார். சீனி வருத்தத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பஸ்களின் நெரிசலில் அவருடைய முழங்காலோடு ஏற முடியாது. மோட்டார் சைக்கிள் வந்துவிட்டால், கிளினிக் முடிந்ததும் தாயை ஏற்றிக்கொண்டு வந்து இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பலாம் என்று மருமகன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது, பின்னறையில் இருந்த எனக்குக் கேட்டது.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த அம்மா சத்தமாகக் கதைப்பவர். வெற்றிலை போடுவார். கதிரை இருக்க நிலத்தில் காலை நீட்டி இருப்பார். மாவட்டக் கச்சேரியில் அரச உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய எனக்கு, அயலவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் இருந்தது. ஆனால் அது பாதிதான். என் மனைவி இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றால், பிள்ளைத்தாய்ச்சி என்றால், யாரைக் கூப்பிடுவாள்? ஒரு மூத்த பெண் வீட்டுக்குள் வந்து போகத் தொடங்கினால் பின்னறையில் இருக்கும் கிழவனிடம் என்ன கேட்க இருக்கிறது? இதை அப்போது இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. நினைக்காமலேயே அதன்படி நடந்தேன்.

மோட்டார் சைக்கிள் எடுக்க மூவரும் நகரத்துக்குப் போனோம். சீதனத்தோடு சேர்ந்த வாகனம். கொடுப்பவன் நான் என்பதால், நிறத்திலிருந்து கண்ணாடி வரை நானே தெரிவு செய்வதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. மருமகன் கறுப்பை விரும்பினார். நான் சிவப்பு என்றேன், சிவப்பானது. கடையின் உட்சுவர் முழுக்க மேலதிகச் சாமான்கள் தொங்கின. சீற் கவர், எண்ணெய்த் தாங்கிக்கு உறை, கைபிடிக்குத் தோல், விழுந்தால் காலைக் காப்பாற்றும் முன்கம்பி, நிறநிறமான ஹெல்மெட்டுகள்.

கடைக்காரர் பகிடிக்காரர். "சேர், மாப்பிள்ளைக்குப் பூட்டுற நகையெல்லாம் இஞ்சதான் இரிக்கி. முன்கம்பி போட்டாக் காலுக்குத் தண்டை. கண்ணாடி ரெண்டும் தோடு. குறை வைக்காம எடுங்க."

முன்கம்பி எடுத்தேன். நல்ல சீற் கவர் எடுத்தேன். சேறு தெறிக்காதிருக்கப் பின்னால் தொங்கும் றப்பர் எடுத்தேன். பெரிய சத்தம் போடும் ஹோர்ன் ஒன்றை மகள் கேட்டாள், அதையும் எடுத்தேன். என்னிடம் கஞ்சத்தனம் இல்லை என்பதைக் கடையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

மருமகன் கேட்டது ஒன்றே ஒன்று. முகம் திறந்த ஹெல்மெட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டாவது ஹெல்மெட் இப்பிடி எடுப்பமா? கொண்டை கட்டுறவங்களுக்கும் போடலாம்" என்றார்.

மகள் கொண்டை கட்டுவதில்லை. யாருக்குக் கொண்டை என்று எனக்கு விளங்கியது.

"மகளுக்கு முகம் மூடினதுதான் பாதுகாப்பு" என்றேன். மகள் அந்த நேரம் ஹோர்ன்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஹெல்மெட்டைத் திரும்ப வைத்தார். பிறகு வாகனத்தைச் சுற்றி வந்து இடப்பக்கம் குனிந்து, கால்தட்டை விரித்து மடித்துப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது.

"அதக் கழட்டிவிடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன். "அந்தக் கம்பியும் வேணா. பழைய ஆக்கள்ற பைக் மாதிரி இரிக்கி."

"கொம்பனியில இருந்தே பூட்டி வாறது சேர். கிடக்கட்டுமே, என்ன தின்னவா கேக்குது?"

"என்ர மகள் சீலையில ஏறுறல்ல. கழட்டுங்க."

மெக்கானிக் கழற்றினார். மருமகன் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "வீட்ட கொண்டுபோய் வைப்பம் மாமா, புறகு தேவப்படலாம்" என்றார்.

"வீட்டுல இரும்புக்கடையா வைக்கிற?" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். மருமகனும் சிரித்தார். கம்பியும் தட்டும் கடையின் மூலையில் மற்ற இரும்புகளோடு போயின.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் வாகனத்துக்குப் பூசை. அந்த அம்மா முதல் பஸ்ஸில் வந்து, யாரோ தெரிந்த ஒருவரின் ஓட்டோவில் நேரே கோயிலுக்கு வந்துவிட்டார். ஒரு கையில் தயிர்ச்சட்டி, மற்றக் கையில் வாழையிலையில் சுற்றிய செவ்வரத்தை மாலை. அவரே கட்டியது. மாலையை முன்விளக்கில் போட்டார். சில்லுகள் தேசிக்காயின் மேல் ஏறி இறங்கின. மருமகன் கோயிலைச் சுற்றி ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து தாயின் முன்னால் நிறுத்தினார்.

"ஏறுங்கம்மா. வீட்ட போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அந்த அம்மா சீலையை ஒதுக்கிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். மகனின் தோளைப் பிடித்தார். காலைத் தூக்கிக் கீழே பார்த்தார். தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சில்லு மட்டும் திறந்து கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு வாகனத்தை மெல்லத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவதுபோல.

"எனக்குப் பயமா இரிக்கி மனே. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் பஸ்ஸில போறன்."

மகள், "மாமி, ஓட்டோ பிடிப்பம், வாங்க" என்றாள். "இன்னொரு நாளைக்கு வாறன் கா" என்றார் அவர். மருமகன் என்னைப் பார்க்கவில்லை. நான் ஐயரிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. பேரப்பிள்ளை பிறந்தபோது வந்தார். கதவுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார், நிலத்தில் இருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினார். தங்கவில்லை. கிளினிக்குக்கு வந்தாலும் மகன் ஆஸ்பத்திரி வாசலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தூரம், நேரமில்லை, மாட்டைக் கட்ட ஆளில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். நான் நினைத்தது நடந்துவிட்டது. நடந்துவிட்டபின் எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. உண்மையில் நான் அதை மறந்தே போனேன்.

பிறகு அவருடைய காலில் ஒரு புண் வந்தது. வரம்பில் எதுவோ குத்தியது. சீனிக்காரருக்குப் புண் ஆறாது. தினமும் மருந்து கட்ட வேண்டும், நகரத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். மகள் தொலைபேசியில் வரச்சொல்லிக் கூப்பிட்டாள். "அதுக்கென்ன மனே, பாப்பம்" என்றவர் வெல்லாவெளியிலேயே இருந்தார். இடையிடையே மருந்து கட்டுவது விட்டுப்போனது. கடைசியில் இடது காலின் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

கால்தட்டு இருந்திருந்தால் விரல்கள் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கணக்குப் பார்க்க எனக்கு முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மகள் வாகை மரத்தின் கீழ் நின்று அழுதாள்.

"அவவுக்கு என்னப் பிடிக்கிறல்ல அப்பா. எத்தினை தரம் கூப்பிட்டன். ஒரு ராவாவது தங்கினாவா? நான் என்ன செஞ்சன் அவவுக்கு?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். "வயசான ஆக்கள் அப்பிடித்தான், விடு" என்றேன். கால்தட்டைக் கழற்றியதைவிட இது மோசமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அவள் கேட்டது நேரான கேள்வி. அதற்கு விடை தெரிந்த இருவரில் நான் ஒருவன். மற்றவர் அவளுடைய கணவர்; அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இத்தனை வருடம் வாய் மூடியிருந்தார்.

பரிகாரம் என்று நினைத்து முதலில் செய்தது எனக்கு வசதியானது. நகரத்துக் கடைக்குப் போனேன். அந்த மாதிரி வாகனம் இப்போது வருவதில்லை, உதிரிப்பாகமும் இல்லை என்றார்கள். கழற்றிப்போட்டது எங்கே என்று யார் நினைவு வைத்திருப்பார்கள்? ஏறாவூரில் ஒரு வெல்டிங் கடை இருக்கிறது. மருமகனிடம் வேறு ஏதோ சொல்லி வாகனத்தை வாங்கிக்கொண்டு, அயலில் ஒருவரை ஓட்டச் சொல்லி அங்கே போனேன்.

வெல்டிங்காரர் இடப்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார். "செய்யலாம் சேர். ஆருக்கு? உங்களுக்கா? சாறனோட ஒருபக்கமா இரிந்து ஊர்கோலம் போகப்போறீங்களோ?"

"மருமகன்ர அம்மாக்கு" என்றேன்.

"அப்ப அகலமாச் செய்யணும். எங்கட உம்மாக்கும் செஞ்சி குடுத்த நான். ஏறினாப் புறகு இறங்கமாட்டா, ஊரெல்லாம் சுத்துவா." அகலமாகவே செய்தார். கறுப்பு வர்ணமும் அடித்துத் தந்தார். வரும் வழியில் முகம் திறந்த ஹெல்மெட் ஒன்றும் வாங்கினேன்.

மாலையில் மருமகன் வந்து பார்த்தார். குனிந்து தட்டைக் கையால் அமுக்கினார். உறுதியாக இருந்தது.

"நல்லாச் செஞ்சிரிக்கார்" என்றார். "ஆனா அம்மா ஏறமாட்டா மாமா."

"ஏன்?"

"நீங்களே கேளுங்க." கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் வெல்லாவெளிக்குப் போனேன். கல்யாணம் பேசப் போனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த அம்மா முற்றத்துப் பந்தலின் கீழ், கட்டுப்போட்ட காலை ஒரு பலகையில் நீட்டியபடி, ஆள்விட்டு நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். வேண்டாமென்றேன்.

"என்ன சேர், வழி மாறி வந்திட்டீங்களா?"

நான் தட்டுப் பூட்டியிருப்பதைச் சொன்னேன். வந்து தங்க வேண்டும் என்றேன். மகளும் கூப்பிடுகிறாள் என்றேன்.

"கூப்பிடுறா. இல்லெண்டு சொல்லல்ல. வாயால கூப்பிடுறா. தட்டக் கழட்டிப்போட்டு வா வா எண்டா எப்பிடி சேர் வாற?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எங்கட ஊரில அதே பைக் எத்தினை ஓடுது" என்றார். "எல்லாத்திலயும் தட்டு இரிக்கி. எங்கட மகன்டதில மட்டும் ஆணி பூட்டின அடையாளம்தான் இரிக்கி. நான் வேளாண்மைக்காரி சேர், குருடியில்ல. வீடு அவள்ற. வாசல் அவள்ற. வாகனமும் அவள்ற சீதனம். அவளுக்கு விருப்பமில்லாமக் கழட்டுவாங்களா? சரி, அவள்ற வீடு, அவள்ற எண்ணம் எண்டு நினைச்சன். மகன்ட வாழ்க்கைக்குள்ள நான் ஏன் போய்க் குறுக்க நிக்கிற?"

இந்த இடத்தில்தான் நான் செய்தது என்னவென்று எனக்கே தெரிந்தது. ஒரு கிழவியைத் தூர நிறுத்த நினைத்தேன். எங்கள் வழக்கப்படி வீட்டில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரிதான் பொறுப்பு. அந்தப் பழி நேரே என் மகளின் தலையில் போய் விழுந்திருந்தது. வளவின் பின்னால் இருக்கும் தகப்பனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"கழட்டினது மகளில்ல" என்றேன். "நான். நீங்க வரக்கூடாது எண்டுதான் கழட்டினன். அவளுக்கு ஒண்டும் தெரியா."

அவர் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்ணை, தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே அனுப்பினார்.

"மகன் எனக்கிட்ட, கடையில அப்பிடித்தான் வந்தது எண்டான். பொய்யெண்டு தெரியும். பொண்டாட்டிக்காகச் சொல்றான் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு, "அவளுக்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப எனக்கிட்ட வந்து சொல்லி என்ன சேர்? எனக்கு விரல் ரெண்டுதான் போயிற்று. அந்தப் புள்ளைய நான் இத்தினை வருசம் மனசுக்குள்ள ஏசியிரிக்கன். போய் அவளுக்குச் சொல்லுங்க. மறுகா வாறதப் பத்திப் பாப்பம்."

தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டுத்தான் போக விட்டார்.

அன்று மாலையே மகளிடம் சொன்னேன். குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள், மருமகனும் பக்கத்தில் நின்றார். கடையில் நடந்தது, ஏன் செய்தேன், கோயிலில் நடந்தது, ஆஸ்பத்திரி வாகையின் கீழ் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ஒழுங்காகச் சொல்வது என் தொழில் பழக்கம். முடிந்ததும் அவள் கணவரைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அவர் தலையாட்டினார். அவரோடு அவள் நாலைந்து நாள் கதைக்கவில்லை. பிறகு கதைத்தாள்.

என்னிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி. "நான் ஹோர்ன் அடிச்சிப் பாத்துக்கொண்டு நிண்ட நேரம்தானே அப்பா கழட்டினீங்க?"

ஓம் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வெல்லாவெளிக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கிளினிக் நாளில் மோட்டார் சைக்கிள் வாசல் கடப்படிக்கு வந்து நின்றது. அந்த அம்மா ஒருபக்கமாக, இரண்டு பாதமும் தட்டில், கொண்டைக்கு மேல் புது ஹெல்மெட்டோடு இருந்தார். மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினாள். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு கிழமையாவது அவர் எங்கள் வீட்டில். நிலத்தில் காலை நீட்டி இருக்கிறார், வெற்றிலை போடுகிறார், சத்தமாகக் கதைக்கிறார். பேரப்பிள்ளை அவர் மடியைவிட்டு இறங்குவதில்லை. அயலவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை.

மகள் என் சாப்பாட்டில் குறை வைப்பதில்லை. நேரத்துக்கு வரும். முன்பு அவளே கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்து கந்தோர்க் கதைகள் சொல்வாள். இப்போது மருமகன் கொண்டுவருகிறார், மூடிவைத்துவிட்டுப் போகிறார். முன்வீட்டுக்கு நான் போனால் கதிரை எடுத்துப் போடுவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நானும் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம் அந்த அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பின்னறைக்கு வந்தார். படியில் இருந்து பாக்கு வெட்டினார்.

"அவளுக்கிட்டச் சொல்லிப் பாத்தன் சேர். அப்பா தனிய இரிக்கார், போய்க் கதையன் கா எண்டு. 'நீங்க மன்னிச்சா அது உங்கட விசயம் மாமி, என்ன விடுங்க' எண்டுறாள்."

"நீங்க மன்னிச்சிட்டீங்களா?"

பாக்குவெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் எப்ப அப்பிடிச் சொன்னன்?" என்றார். பிறகு, வெட்டிய பாக்கில் ஒரு துண்டை என் பக்கம் நீட்டினார். நான் வெற்றிலை போடுவதில்லை. வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.